கோல் போடாதவனின் முதல் ஆண்டுகள்

2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் ஐ-லீக் கால்பந்துத் தொடரின் கடைசி நாள். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை வென்றால் பட்டம் தமிழ்நாட்டுக்கு. சமன் ஆகி, அதே நேரம் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டு அரங்கத்தின் வாயை அடைத்தது. 56ஆம் நிமிடத்தில் பெட்ரோ மான்சி பெனால்ட்டியில் ஒன்றைத் திருப்பினார். அந்த லீக்கில் 21 கோல் அடித்தவர் அவர். கூட்டம் முழுக்க அவரைத்தான் நம்பியிருந்தது. ஆனால் 69ஆம் நிமிடத்தில் பந்தை வலைக்குள் தள்ளியவர் மான்சி அல்ல, கௌரவ் போரா. கூடுதல் நேரத்தில் இன்னொன்றையும் அவரே போட்டார். ஆட்டம் 3-1. அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என வென்றிருந்தது. கடைசிக் கணக்கு: சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42.

குவாஹாட்டிக்காரரான போராவுக்கு அப்போது வயது 20. அவர் வேலை கோல் போடுவதல்ல, தடுப்பது. நடுத் தடுப்பாட்டக்காரர், நம் மைதானங்களின் பேச்சில் ‘ஸ்டாப்பர்’. சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் கட்டிய அணியில், ஸ்பெயின்காரர் ராபர்ட்டோ எஸ்லாவாவுக்குப் பக்கத்தில் நின்று லீக் முழுக்கப் பந்தை விரட்டியவர். அந்த உழைப்பைப் பற்றி ஒரு தலைப்புச் செய்தியும் நினைவில் இல்லை. அந்த இரண்டு கோல் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இது தற்செயல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஓராண்டு முன்னால், 2018 மார்ச் 17 அன்று, சென்னையின் எஃப்.சி. பெங்களூருவில் போய் 3-2 என ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றபோதும் இரண்டு கோல் போட்டவர் ஒரு தடுப்பாட்டக்காரரே. பிரேசிலின் மைல்சன் ஆல்வ்ஸ், இரண்டும் தலையால். சென்னையின் இரு அணிகள், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு தேசியப் பட்டங்கள், இரண்டிலும் ஒரு ஸ்டாப்பரின் இரட்டைக் கோல். இன்னும் பின்னே போனால் 1962 ஜகார்த்தா. ஆசிய விளையாட்டில் தாய்லாந்துக்கு எதிரே மண்டை உடைந்து தையல் போட்ட ஜர்னைல் சிங்கை, பயிற்சியாளர் ரஹீம் முன்வரிசைக்கு மாற்றினார். அரையிறுதியில் ஒரு கோல், தென் கொரியாவுடனான இறுதியில் ஒரு கோல். இந்தியா தங்கம் வென்றது. ஆசியாவின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்பவர்களும், கதை சொல்லத் தொடங்கினால் அந்தக் கட்டுப் போட்ட தலையையும் இரண்டு கோலையும்தான் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு அடுத்தவன் வேலையைச் செய்த அன்றுதான் தடுப்பாட்டக்காரன் பெயர் ஏட்டில் ஏறுகிறது.

பெயர் பெற்ற பிறகு இதனால் பெரிய நட்டமில்லை. பெயர் வருவதற்கு முன்னால், பதினாறு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை, ஒருவனை யாராவது பார்த்துப் பொறுக்கியெடுக்க வேண்டிய அந்த ஆறு ஆண்டுகளில்தான் இது ஆளையே தின்றுவிடுகிறது.

கடலூர் மாவட்டத்தில் மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் வரை, அங்கிருந்து நெய்வேலி வரை, மாலையில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: காலி மனையெல்லாம் கிரிக்கெட், ஏரிக்கரையில் வாலிபால், ஊர்த் திருவிழாவுக்குக் கபடி. கால்பந்து பள்ளி மைதானத்தைத் தாண்டுவது அரிது. அங்கேயும் அணி பிரிக்கும் முறை ஒன்று உண்டு. கால் வேகமுள்ளவன் முன்னால் போவான். பந்தை வைத்து விளையாட்டுக் காட்டத் தெரிந்தவன் நடுவில். மிச்சமிருப்பவனைப் பார்த்து, “நீ பேக்ல நில்லுடா” என்பார்கள். கொஞ்சம் உயரமாகவோ குண்டாகவோ இருந்துவிட்டால் தப்பவே முடியாது. அதற்குப் பிறகு அவன் காதில் விழும் பயிற்சி முழுவதும் மூன்று வரிதான்: “ஏறிப் போவாத”, “ஆள வுடாத”, “தூக்கி அடி”. மூன்றில் இரண்டு, செய்யாதே என்கிற கட்டளை. மூன்றாவது, வந்த பந்தைத் தொலைத்துக் கட்டு என்கிற கட்டளை. பந்தோடு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

கபடியில் இப்படி இல்லை. பாடி வருபவனைப் பிடித்தால் பிடித்தவனுக்கு ஒரு புள்ளி. உள்ளே மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் இரண்டு. ஒரே ஆட்டத்தில் ஐந்து பிடிப் புள்ளி எடுத்தவனுக்கு ‘ஹை ஃபைவ்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது புரோ கபடி. ஐ.எஸ்.எல். தொடங்கிய அதே 2014இல் தொடங்கிய போட்டி அது. தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதிலும் பிடிப்பதற்காகவே அணிகளில் எடுக்கப்பட்டார். நம் மண்ணின் ஆட்டம் தடுப்பவனையும் எண்ணிவைக்கிறது; கால்பந்தின் பலகையில் தடுத்ததற்கு எண் கிடையாது. தடுத்தால் அங்கே ஒன்றும் மாறாது. மாறாமல் இருப்பதுதான் அவன் சாதனை. பீங்கானிலும் இதே கதைதான்: விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைகளில் பொம்மையும் அகல் விளக்கும் மட்டுமல்ல, மின்கம்பிக்கான பீங்கான் இன்சுலேட்டரும் செய்கிறார்கள். அகல் விளக்கைக் கார்த்திகைக்குக் கார்த்திகை எல்லோரும் பார்க்கிறோம். கம்பத்து உச்சியில் இருக்கும் வெள்ளைக் குமிழை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? அது வெடித்தால் ஊர் இருட்டாகும். அன்றைக்கு மட்டும் பார்ப்போம்.

கடலூர் மாவட்டத்துக்குக் கால்பந்தில் பெயர் இல்லாமல் இல்லை. பெண்களால் வந்த பெயர் அது. பயிற்சியாளர் மாரியப்பனிடம் கடலூரில் பயின்று வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்துக்குப் போனார். 2017 ஜனவரியில் சிலிகுரியில் வங்கதேசத்தை 3-1 என வென்ற தெற்காசிய இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். காவல் துறையில் உதவி ஆய்வாளரானார். கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் பணியில் நின்ற அவரைப் படம் பிடித்துப் போடாத செய்தித்தாள் இல்லை. பண்ருட்டிப் பக்கத்து சந்தியா ரங்கநாதன் மதுரை சேது எஃப்.சி.க்கு ஆடி, அந்த அணி 2019 மே மாதம் இந்திய மகளிர் லீக்கை வென்றபோது தொடரின் சிறந்த வீராங்கனையானார். 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு மகளிர் அணி முதல் முறையாகத் தேசியப் பட்டம் வென்றதும் இறுதியில் மணிப்பூரை 2-1 எனச் சாய்த்துத்தான்.

மணிப்பூர் என்றால் சும்மா இல்லை. பெண்கள் கால்பந்தில் தேசியப் பட்டத்தைச் சொந்தச் சொத்துபோல வைத்திருந்த மாநிலம். அவர்களை ஒரே கோலோடு நிறுத்திய அந்தத் தடுப்பாட்டக்காரர்கள் யார் என்று கடலூரிலேயே கேட்டுப் பாருங்கள்; கால்பந்து தெரிந்தவர்களும் யோசிப்பார்கள். இந்துமதியும் சந்தியாவும் பெற்ற புகழ் அவர்கள் உழைத்துப் பெற்றது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. நான் கேட்பது வேறு. சிறிய ஊரிலிருந்து மேலே போனவர்கள் பட்டியலில் ஏன் முன்னால் ஆடுபவர்களே நிறைந்திருக்கிறார்கள்? ஆண்களிலும் அதே கதை: இராமன் விஜயன், சபீர் பாஷா, கன்னியாகுமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ், சிவகங்கைப் பக்கத்து சிவசக்தி நாராயணன். நாமக்கல்லிலிருந்து போன தடுப்பாட்டக்காரர் மோகன்ராஜ் போன்றவர்கள் விதிவிலக்காகவே நிற்கிறார்கள்.

எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். முன்கள ஆட்டக்காரனின் திறமை மோசமான ஆட்டத்திலும் தெரியும். எதிரணி எவ்வளவு சொத்தையாக இருந்தாலும் நான்கு பேரைத் தாண்டி ஒருவன் கோல் போட்டால், வேலி ஓரம் நிற்கும் தேர்வாளர் பேனாவை எடுப்பார். தடுப்பாட்டக்காரனின் திறமையோ எதிரணி தரமாக இருந்தால்தான் வெளியே வரும். மொக்கை அணிக்கு எதிரே அவனுக்கு வேலையே இருக்காது. நல்ல தடுப்பாட்டக்காரன் இடத்தை முன்கூட்டியே அடைத்துவிடுவதால் சறுக்கிப் பந்தைப் பறிக்கும் காட்சிகூட இருக்காது. அது இடம் தவறியவன் கடைசி நொடியில் செய்வது. ஆக, மாவட்ட மைதானத்தில் ஒரு நல்ல ஸ்டாப்பர் பார்வைக்குச் சோம்பேறிபோல இருப்பான். அவனை அடையாளம் காண மூன்று வேண்டும்: தரமான எதிரி, நிறைய ஆட்டம், அவன் செய்யும் தவறுக்கு உடனே வெளியே உட்கார வைக்காத ஒரு பயிற்சியாளர். மூன்றும் சின்ன ஊரில் கிடைக்காது. பெரிய ஊரிலும் இந்தியாவில் லேசில் கிடைப்பதில்லை.

சந்தேஷ் ஜிங்கனை எடுத்துக்கொள்வோம். சண்டிகரில் 1993இல் பிறந்தவர். 2011இல் அவருக்கு இடம் கொடுத்தது பாய்ச்சுங் பூட்டியாவின் யுனைட்டெட் சிக்கிம். இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அணி. அது முதல் நிலைக்கு ஏறி, ஒரே பருவத்தில் மீண்டும் கீழே விழுந்தது. தோற்கும் அணியில் தடுப்பாட்டக்காரனாக இருப்பதைப்போல நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் வேலை இருக்கும். 2014இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அவரை எடுத்தபோது பக்கத்தில் நின்றவர் பிரெஞ்சு லீக்கில் பல ஆண்டு ஆடிய செட்ரிக் ஹெங்பார்ட். அந்த ஆண்டு டிசம்பர் 20 அன்று நவி மும்பையில் கொல்கத்தா அணியோடு இறுதியாட்டம். கோல் இல்லாமல் தொண்ணூறு நிமிடம் ஓடி முடிந்தது. கூடுதல் நேரத்தின் ஐந்தாம் நிமிடம், ஒரு கார்னர், முகமது ரஃபீக்கின் தலை, கோப்பை கொல்கத்தாவுக்கு. தொண்ணூற்று நான்கு நிமிடம் சரியாக நடந்த வேலை ஒரே நொடியில் கணக்கிலிருந்து அழிந்தது. அந்தத் தொடரின் சிறந்த இளம் வீரர் விருது 21 வயது ஜிங்கனுக்குக் கிடைத்தது. மூன்று மாதத்தில், 2015 மார்ச்சில், இந்தியச் சட்டையும் போட்டார்.

இந்த விருதுப் பட்டியலையே கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம், என் வாதத்துக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோல இருக்கும். 2014 ஜிங்கன். 2016 சென்னையின் எஃப்.சி.யின் ஜெர்ரி லால்ரின்சுவாலா, இடது பின்களம், வயது 18. 2017-18 லால்ருவத்தாரா. 2019-20 சுமித் ராட்டி. 2021-22 ரோஷன் சிங். முதல் எட்டு விருதில் ஐந்து தடுப்பாட்டக்காரர்களுக்குப் போயிருக்கிறது. (அடுத்த ஆண்டு விருது நம் சிவசக்திக்கு, அவர் முன்களம்.) ஆக இளம் தடுப்பாட்டக்காரர்களை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அவர்களுக்குக் களத்தில் இடம் எப்படிக் காலியானது என்று பார்க்க வேண்டும். ஐ.எஸ்.எல். தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017-18இல் அது ஐந்தாகி, 2021-22இல் நான்கானது. எந்த அணியும் பணம் கொட்டி வாங்கும் வெளிநாட்டவரை முதுகெலும்பில்தான் நிறுத்தும்: ஸ்டாப்பர், நடுக்களம், கோல் அடிப்பவர். இந்தியப் பையன்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் ஓரங்கள், அதுவும் பின்னோரம். ஜெர்ரியும் லால்ருவத்தாராவும் ரோஷனும் அங்கிருந்து வந்தவர்களே. சுமித் ராட்டி, கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி மூன்று ஸ்டாப்பர்களோடு ஆடியதால் உள்ளே நுழைய முடிந்தவர். நடுவில் நின்று இருபத்தோரு வயதில் ஓர் அணியின் தடுப்பை நடத்திய ஜிங்கன் விதிவிலக்கு.

ஜெர்ரியின் கதை சென்னைக்கு நெருக்கமானது. மிசோரத்திலிருந்து புனேயின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் அகாடமிக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு வந்தவர். அவரைக் களத்தில் இறக்கிய பயிற்சியாளர் மார்க்கோ மத்தராத்சி. 2006 உலகக்கோப்பை வென்ற இத்தாலியத் தடுப்பாட்டக்காரர். அவரையும் உலகம் எதற்கு நினைவில் வைத்திருக்கிறது? அந்த இறுதியில் போட்ட கோலுக்கும் ஜிதானிடம் வாங்கிய முட்டுக்கும். தன் வேலையின் தலையெழுத்து தெரிந்த மனிதர் ஒரு பதினெட்டு வயதுப் பையனை ஆட்டத்துக்கு ஆட்டம் நம்பி நிறுத்தினார். பையன் ஓராண்டுக்குள் இந்திய அணி வரை போனான். அதற்குப் பிறகு காயமும், பயிற்சியாளர் மாற்றமும், இடத்துக்கான போட்டியும் வந்தன. பதினெட்டில் ஏறிய உயரத்தில் இருபத்தைந்து வரை நிற்பது ஜெர்ரிக்கு மட்டுமல்ல, அந்தப் பட்டியலில் பலருக்கும் கைகூடவில்லை.

விருது முதல் பருவத்துக்குத்தான். இரண்டாம் பருவத்தில் எதிரணியின் பயிற்சியாளர் இவனைப் படித்துவிட்டு வருவார். எந்தக் காலில் திரும்பத் தடுமாறுகிறான், எந்தப் பந்துக்குக் குதிக்கத் தாமதிக்கிறான் என்று தெரிந்து ஆள் விடுவார். அதற்கு மறுபாடம் படிக்க ஆட்டம் வேண்டும். 2014 ஐ.எஸ்.எல்.லில் ஓர் அணிக்கு லீக் ஆட்டம் 14. பத்து வாரத்தில் எல்லாம் முடிந்தது. சென்னை சிட்டி பட்டம் வென்ற ஐ-லீக்கில் 20. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 38. ஒரே ஆண்டில் அங்கே ஒரு பையன் செய்யும் தவறுகளைச் செய்து முடிக்க அப்போது இங்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். ஜிங்கன் இடைப்பட்ட மாதங்களில் ஐ-லீக் அணிகளுக்குக் கடன் வீரராகப் போய் ஆட்டம் சேர்த்துக்கொண்டார். அந்தப் பழக்கம்தான் அவரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

ஆட்டம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, இத்தாலியின் மிலான் அணியில் தடுப்பாட்டக்காரர்கள் பரேசியும் மால்டினியும் எப்படி வந்தார்கள் என்பதை இங்கே ஒரு வரி சொல்ல வேண்டும். இன்டர் வேண்டாம் என்று திருப்பிய ஃபிராங்கோ பரேசி 1978 ஏப்ரலில் 17 வயதில் மிலானுக்கு முதல் ஆட்டம் ஆடினார். அடுத்த பருவத்தில் நிலையான இடம், லீக் பட்டம். பிறகு அதே அணி இரண்டு முறை இரண்டாம் நிலைக்கு இறங்கியது. பரேசி கூடவே இறங்கிப்போய் ஆடினார். பாவ்லோ மால்டினி 1985 ஜனவரியில், வயது 16. இரண்டு பேரையும் முதலில் இறக்கியவர் ஒரே மனிதர், ஸ்வீடன்காரர் நில்ஸ் லீட்ஹோம். அவர் ஆடத் தொடங்கிய காலத்தில் முன்னால் ஆடியவர் என்பது இதில் வேடிக்கை.

பதினாறிலிருந்து இருபத்திரண்டு வரையான இந்த ஆறு ஆண்டுகளில் என்னென்ன நடக்கலாம் என்பதற்கு அன்வர் அலியைவிட முழுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. 2000 ஆகஸ்டில் பஞ்சாபின் ஆதம்பூரில் பிறந்தவர். 2017இல் இந்தியா நடத்திய 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் நடுத் தடுப்பில் நின்றார். தில்லியில் அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 0-2 எனப் பின்தங்கியிருக்கும்போது ஏறிப்போய் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. திரும்பிய பந்தில் அமெரிக்கா மூன்றாவது கோலைப் போட்டது. “ஏறிப் போவாத” என்று மங்கலம்பேட்டையில் கத்துகிறவருக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. பத்து மாதம் கழித்து, 2018 ஆகஸ்டில், ஸ்பெயினில் நடந்த கோட்டிஃப் போட்டியில் இந்தியாவின் 20 வயதுக்குட்பட்டோர் அணி அர்ஜென்டினாவை 2-1 என வென்றது. இரண்டாவது கோல் அன்வரின் ஃப்ரீ கிக். எதிரணிப் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி; நாலு ஆண்டு கழித்து உலகக்கோப்பை தூக்கியவர்.

அடுத்த ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் இதயத் தசை தடித்திருப்பது தெரிந்தது. கால்பந்துச் சம்மேளனம் ஆட வேண்டாம் என்றது. பத்தொன்பது வயது. வழக்கு தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. 2021இல் மீண்டும் ஆட வழி கிடைத்து, தில்லி எஃப்.சி. என்ற கீழ்நிலை அணியில் ஆடினார். ஆட்டக்காரன் வளர வேண்டிய பத்தொன்பதும் இருபதும் மருத்துவ அறிக்கைகளோடு போயின. 2022 ஜனவரியில் எஃப்.சி. கோவா. மார்ச்சில் பஹ்ரைனுக்கு எதிரே இந்திய அணி. ஜூனில் கொல்கத்தாவில் ஹாங்காங்குக்கு எதிரே இரண்டாம் நிமிடத்தில் கோல். இந்தியா 4-0 என வென்றது. அன்றைய தலைப்புச் செய்தியில் அவர் பெயர் இருந்தது. காரணம் உங்களுக்கே தெரியும்.

நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது அதற்கு அடுத்த ஆண்டைத்தான். 2023 ஜூன் 27, பெங்களூரு, தெற்காசியப் போட்டி, எதிரே குவைத். 1-0 என இந்தியா முன்னிலை. ஆட்டம் முடியக் கூடுதல் நேரத்தில் நிமிடங்களே பாக்கி. வந்த பந்தை வெட்டப்போன அன்வரின் காலில் பட்டு அது சொந்த வலைக்குள் போனது. 1-1. ஆட்ட அட்டையில் அவர் பெயர் ஏறியது, பக்கத்தில் ‘சுய கோல்’ என்ற குறிப்போடு. கோல் அடிப்பவன் ஆட்டத்துக்கு ஐந்து வாய்ப்பைத் தவறவிட்டால் அது எந்த அட்டையிலும் ஏறுவதில்லை.

நான்கு நாள் கழித்து அரையிறுதி, லெபனான். ஜிங்கனுக்குத் தடை, ஆட முடியாது. தலைமைப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சுக்கும் தடை. களத்தோரம் நின்றவர் துணைப் பயிற்சியாளர் மகேஷ் கவ்லி, ஒரு காலத்தில் இந்தியாவின் முதன்மை ஸ்டாப்பர். தடுப்பின் நடுவே மேத்தாப் சிங்கோடு அன்வரையே நிறுத்தினார்கள். தொண்ணூறு நிமிடம், அதற்கு மேல் முப்பது நிமிடம். லெபனானால் கோல் போட முடியவில்லை, இந்தியாவாலும் முடியவில்லை. பெனால்ட்டியில் 4-2 என இந்தியா இறுதிக்குப் போனது. மறுநாள் செய்தித்தாளில் கோல்காப்பாளர் குர்பிரீத்தின் படம் இருந்தது. 120 நிமிட ஆட்டத்தின் அட்டையில் கோல் அடித்தவர் என்ற கட்டம் இரண்டு பக்கமும் காலியாக இருந்தது.